நாற்பதாம் பிரிவும் ஒரு நாட்கலண்டரும்

ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஸ்பொன்சர் கோப்புகள் கட்டுவதுதான் என் வேலை. படிவம் நிரப்புவது, பத்திரங்களுக்கு இலக்கம் போடுவது, படங்களுக்குப் பின்னால் திகதியும் இடமும் எழுதுவது, விசாரணைக்கு முன் ஆட்களை இருத்திவைத்துக் கதைப்பது. வாதாடுவது சட்டத்தரணி, அவர் எதை வைத்து வாதாடுவார் என்பது என் மேசையில்தான் முடிவாகும். கலியாணக் கோப்போடு வருகிறவர்கள் எழும்பிப் போகும்போது, கதவில் கைவைத்தபடி, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஏதும் பிழைச்சால் மறியலோ, பிள்ளை?"

மறியல் சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 127ஆம் பிரிவு பொய்த் தகவல் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. 128ஆம் பிரிவு அதற்கு உச்சமாக 1 இலட்சம் டொலர் தண்டம், 5 வருட மறியல், அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பொன்சர் செய்தவர் கனடாவில் பிறந்த குடிமகளாக இருந்தாலும் கையெழுத்து அவருடையதுதானே. "இப்பிடிச் சொல், அப்பிடி எழுது" என்று சொல்லிக்கொடுத்தவருக்கு 126ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

ஆனால் எங்கள் அலுவலகப் படி ஏறினவர்களில் குற்றவழக்கு வரைக்கும் போனவர்கள் அரிது. அதற்கு அரசாங்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆளும் காலமும் செலவாகும். 40ஆம் பிரிவுக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. பொய் சொல்லியிருக்கத்தான் கூடுதல் சாத்தியம் என்று தெரிந்தாலே போதும், ஆள் 5 வருடத்துக்குக் கனடாவுக்கு ஏற்றவர் அல்ல. 2014 நவம்பர் வரைக்கும் அது 2 வருடமாக இருந்தது. "அஞ்சு வருசம்தானே" என்று சொல்கிறவர்களுக்கு அந்த அஞ்சு எங்கே தொடங்குகிறது என்று விளக்குவது என் வேலையில் ஒரு பகுதி. வெளிநாட்டில் இருந்தால் இறுதி முடிவு வந்த நாளில் தொடங்கும். ஏற்கெனவே இங்கே வந்துவிட்டவருக்கு, வெளியேற்றும் கட்டளை நிறைவேறிய நாளில்தான் தொடங்கும். மேன்முறையீடு, மறு மனு என்று இங்கேயே இழுத்தடித்த வருடங்கள் கணக்கில் வராது.

குடியுரிமை எடுத்துவிட்டால் கரையேறிவிட்டோம் என்பது இன்னொரு நம்பிக்கை. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பறிப்பதற்குச் சட்டத்தில் கால எல்லை கிடையாது. அதோடு, அந்தப் பொய் ஆதியில் நிரந்தர வதிவிடம் எடுத்தபோதே சொன்னதென்றால், திரும்பி நிற்பதற்கு அந்த வதிவிடமும் மிஞ்சாது. இப்படியான பழைய விஷயங்கள் எப்படி வெளியே வருகின்றன என்று கேட்பார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான். பிரிந்துபோன மனைவி, காசுப் பிரச்சினைப்பட்ட மச்சான், காணிச் சண்டையில் கோபித்துக்கொண்ட பெரியப்பா வீட்டார். எல்லைச் சேவை முகவரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

ஒரு கோப்பைச் சொல்கிறேன். ஆட்களைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை. பேக்கரியில் வேலை. மாப்பிள்ளை ஊரில். இரண்டு தரம் போய் வந்ததாகச் சொன்னாள்: முதல் தரம் பதிவும் தாலிகட்டும், அடுத்த வருடம் ஒரு மாத விடுமுறை. விமானச் சிட்டை இருந்தது, காசு அனுப்பிய துண்டுகள் இருந்தன, வாட்ஸ்அப் உரையாடல் அச்சடித்து ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. படங்கள் மூன்று உறைகளில், ஒவ்வொன்றின் மேலும் திகதி எழுதி. இவ்வளவு ஒழுங்காக ஒரு கோப்பு வந்தால் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருக்கும்.

படங்களுக்குப் பின்னால் எழுதத் தொடங்கியபோதுதான் சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் வீட்டு விறாந்தை. பின்னால் ஒரு நகைக்கடையின் நாட்கலண்டர், தினமும் ஒரு தாள் கிழிக்கிற வகை. பதிவு முடிந்து இரண்டு நாளில் எடுத்தது என்ற உறையில், கலண்டரில் சிவப்பு எழுத்தில் 14. அடுத்த வருட விடுமுறை என்ற உறையில் சேலை வேறு, சேர்ட்டு வேறு, தலையில் பூ இல்லை. சுவரில் அதே சிவப்பு 14.

கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிழிக்க மறந்திருப்பினம், அக்கா" என்றாள். நியாயமான பதில்தான்; எங்கள் வீட்டிலும் கலண்டர் கிழிப்பது அம்மா இருக்கும்வரைக்கும்தான் நடந்தது. ஆனால் தாளின் மேல்மூலையில் வருடம் அச்சாகியிருந்தது. ஒரு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் ஒரு தாளும் கிழிக்கவில்லை என்றால் நம்பலாம். அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் விஷயத்தை முடித்தது: "அந்தப் படத்தை எடுத்துப்போட்டால் சரிதானே?"

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சட்டத்தரணி கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். தெரிந்துகொண்டு பொய்ச் சாட்சியத்தை முன்வைக்க அவருக்குத் தொழில்விதி இடம் கொடாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே கொண்டுபோகவும் அதே விதி இடம் கொடாது. ஆகவே கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பதுதான் வழி. அவள் வெளியே வந்து என் முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள். அவளுக்கு ஒரு சதமும் வரவில்லை. மாமாவின் கடன் ஒன்று கழிபடுவதற்காக அவளை எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவள் இரண்டாம் தரம் ஊருக்குப் போகவே இல்லை. விமானச் சிட்டை மாமியினுடையது, பெயரின் முதலெழுத்துத்தான் ஒன்று.

இந்த இடத்தில் நான் எல்லாருக்கும் சொல்கிற கணக்கை அவளுக்கும் சொன்னேன். பொய்க் கலியாணம் என்றாலும் பதிவேட்டில் அது கலியாணம்தான். விட்டுப்போக வேண்டுமென்றால் முறையாக விவாகரத்து எடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து இறங்கினால் அன்றிலிருந்து 3 வருடத்துக்கு அவருடைய செலவுக்கு அவள் பொறுப்பு. அந்த 3 வருடம் முடியும்வரை வேறொருவரைக் கணவராக ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. அதாவது அவள் உண்மையாக ஒருவரைக் கட்ட நினைக்கிற வயதில் அவளுடைய கையைச் சட்டம் பிடித்துவைத்திருக்கும். கேட்டுவிட்டுக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். வேறு அலுவலகத்துக்குப் போனாளா, மாமாவிடம் போனாளா, எனக்குத் தெரியாது.

குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் விதி கலியாணத்தை இரண்டு காலத்தில் வைத்துப் பார்க்கிறது. கட்டிய அன்றைக்கு முதன்மை நோக்கம் என்ன? இன்றைக்கு அது உண்மையான உறவா? 2010 செப்டெம்பர் வரைக்கும் இரண்டிலும் விழுந்தால்தான் விண்ணப்பம் விழும். அந்த மாதம் 30ஆம் திகதி விதியைத் திருத்தினார்கள்; அன்றிலிருந்து ஒன்றில் விழுந்தாலே போதும். கேட்கச் சின்னத் திருத்தம்தான். ஆனால் எங்களிடம் இருந்த சில கோப்புகளுக்குக் கீழே இருந்த தரையையே அது எடுத்துவிட்டது. விசாவுக்காக எழுதி, எழுதின பிறகு மனம் ஒத்துப்போய், நாலைந்து தரம் போய் வந்து, இப்போது விட்டுப் பிரியமுடியாது என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய அன்பை எவ்வளவு நிரூபித்தாலும் அன்றைய நோக்கத்தை அது கழுவாது.

இது கடுமை என்பது என் எண்ணம். எங்கள் சனத்தில் எந்தப் பேச்சுக்கலியாணத்தில் வெளிநாடு ஒரு பொருத்தமாக இருக்கவில்லை? வெளிநாட்டு மாப்பிள்ளைக்குச் சீதனம் கூட என்பது ஊரறிந்த விலை. விதியில் உள்ள 'முதன்மை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் வாதாடுகிறோம்: கனடா ஒரு காரணமாக இருந்திருக்கலாம், பிரதான காரணம் அல்ல. பிள்ளை பிறந்திருந்தால் அது கனமான சாட்சி, ஆனால் அதுவும் தானாக வழக்கை வென்று தராது. கலியாணம் உண்மையல்ல என்று தீர்ந்துவிட்டால் மனிதாபிமான அடிப்படையில் பார்க்கும்படி அந்த மேன்முறையீட்டில் கேட்கவும் வழியில்லை. தோற்றுவிட்டுத் திரும்ப விண்ணப்பித்தால், முதல் தீர்ப்பே வாசலில் குறுக்கே நிற்கும்.

இனி மற்றப் பக்கம். பொய்க்காரர்கள் நல்ல படங்கள் கொண்டுவருவார்கள். உண்மையாகக் கட்டினவர்கள் பல நேரம் ஒன்றுமே கொண்டுவரமாட்டார்கள். 2015இல் கனடாவின் குடிவரவு அதிகாரிகளுக்கான ஒரு பயிற்சிக் குறிப்பு பத்திரிகைகளில் வெளிவந்தது. சந்தேகத்துக்குரிய கலியாணத்தின் அடையாளங்கள் என்று அதில் போட்டிருந்தவை: கலியாணப் படங்களில் சோடி வாயோடு வாய் முத்தமிடவில்லை, சின்ன அளவில் விருந்து, தேனிலவு போகவில்லை, வைர மோதிரம் இல்லை. அன்றைக்கு அலுவலகத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து, ஐயருக்கு முன்னால், பெரியம்மாவுக்கும் முன்னால், வாயில் முத்தமிட்ட ஒரு யாழ்ப்பாணத்துச் சோடியை எனக்கு யாராவது காட்டட்டும். சிரிப்பு அடங்கினதும் பழைய நிராகரிப்புக் கடிதங்கள் சில நினைவுக்கு வந்தன. அவற்றில் இருந்த வரிகளுக்கு வேர் எங்கே இருந்தது என்று அப்போது விளங்கியது.

எங்களுடைய அகதிப் பெடியள் பலர் ஊருக்குத் திரும்பிப்போகப் பயந்து சென்னையிலோ சிங்கப்பூரிலோ வைத்துத்தான் தாலி கட்டினார்கள். வடபழனியில் ஒரு சின்ன மண்டபம், பெண் வீட்டார் நாலு பேர், ஐயர், படக்காரர். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை, தாய்க்கு நடக்கமுடியாது. அதிகாரியின் குறிப்பில் இது "பெற்றோர் வரவில்லை, விருந்தினர் குறைவு" என்று விழும். போதாக்குறைக்கு, எங்கள் பண்பாட்டையே எங்களுக்கு எதிராகப் படித்துக்காட்டுவார்கள். பெண் மூன்று வயது மூப்பு, பெண்ணுக்கு இது இரண்டாம் கலியாணம், ஆணுக்கு முதலாவது, தமிழ்ச் சமூகத்தில் இது வழக்கமில்லை, ஆகவே நம்பமுடியாது. வழக்கமில்லைத்தான். அதனால்தானே அவர்கள் சத்தமில்லாமல் கட்டினார்கள்.

போன் கார்ட் காலத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. லோரன்ஸ் வீதிக் கடையில் அட்டை வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, இரவிரவாகக் கதைப்பார்கள்; வீட்டு பில்லில் அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. சுரண்டின அட்டைகளை பிஸ்கற் பெட்டியில் சேர்த்து வைத்திருந்து கொண்டுவந்து கொட்டின ஒரு அண்ணையை எனக்குத் தெரியும். அவற்றைக் கடதாசியில் ஒட்டிப் பிரதி எடுத்து இணைத்தோம்.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்தால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். முன்பெல்லாம் விக்டோரியா தெரு 74இல் நடக்கும். பெருந்தொற்றுக்குப் பிறகு அநேகமாகக் கணினித் திரையில். அங்கே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார்கள், அதிகாரி காணாத சான்றுகளையும் கொடுக்கலாம். ஸ்பொன்சர் முதலில் சாட்சி சொல்வார். பிறகு மற்றவரைத் தொலைபேசியில் எடுப்பார்கள். ரொறன்ரோவில் காலை என்றால் கொழும்பில் இருட்டுகிற நேரம். இவர் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அரசாங்கத் தரப்பு அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கும்.

நான் பார்த்த ஒரு விசாரணையில் கேள்வி சாதாரணமானது: மனைவி எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்? மனைவி மார்க்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பகல் ஷிஃப்ட் என்று சொல்லியிருந்தார். கொழும்பிலிருந்து கணவர் தயங்காமல் "இரவு வேலை" என்றார். எங்கள் சட்டத்தரணியின் பேனை நின்றது. மேலும் கேட்டார்கள். கணவர் அவர் போகிற பஸ்ஸின் இலக்கத்தைச் சொன்னார், எந்த நாளில் சாப்பாடு கட்டாமல் போவார் என்று சொன்னார், முழங்கால் நோவுக்கு என்ன எண்ணெய் பூசுகிறார் என்று சொன்னார். ஷிஃப்ட் மாறி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. விசாரணைப் பதற்றத்தில் அதைச் சொல்ல மனைவிக்கு மறந்துபோயிருந்தது. அந்த வழக்கு வென்றது. பாடமாக்கி வந்த சோடிகளில் இப்படி ஒரு பிழையும் வராது. பிழை வந்தால் அதைத் திருத்தித் தருகிற முழங்கால் எண்ணெயும் வராது. அதனால்தான் விசாரணைக்கு முன் நான் ஆட்களிடம் ஒன்றையும் மனப்பாடம் செய்ய விடுவதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கோ என்பேன். அதைச் சொல்லவைப்பதுதான் பெரும் பாடு. எங்கள் ஆட்களுக்கு அதிகாரிக்கு முன்னால் தெரியாது என்பது மரியாதைக் குறைவு.

ஏமாற்றப்பட்டவர்களும் வருவார்கள். அவர்களுடைய கோபம் வேறு மாதிரி. கூட்டிவந்த மனைவி ஆறு கிழமையில் மொன்றியல் போய்விட்டார், "அவளைத் திருப்பி அனுப்புங்கோ" என்பார்கள். கலியாணம் உடைவது மோசடி ஆகாது. கட்டும்போதே விட்டுப்போகும் எண்ணம் இருந்தது என்று காட்டவேண்டும், காட்டினாலும் முடிவு அரசாங்கத்தின் கையில். இதற்கிடையில் போனவர் சமூகநல உதவிப்பணம் எடுத்தால் அந்தக் கடன் இவருடைய தலையில். விவாகரத்து எடுத்தாலும் பொறுப்பு கழியாது. இப்படி எட்டு ஸ்பொன்சர்கள் தொடர்புபட்ட 'மாவி' வழக்கில் 2011 ஜூனில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசாங்கம் அந்தக் கடனை அறவிடலாம் என்று தீர்த்தது. நிலைமையைக் கேட்டு, அறவிடுவதைத் தள்ளிப்போடலாம், மன்னித்துவிட முடியாது. ஏமாந்தவரே பில்லும் கட்டவேண்டும் என்று விளங்கப்படுத்துகிற அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்காதது.

2012 மார்ச்சில் ஒரு புது விதி வந்தது: கணவராகவோ மனைவியாகவோ ஸ்பொன்சரில் வந்தவர் 5 வருடத்துக்கு இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்யமுடியாது. வந்து இறங்கிக் கைவிட்டுவிட்டு ஊரில் இருக்கிற பழைய காதலியைக் கூப்பிடுகிற வழி அதோடு அடைபட்டது. நல்ல விதி. அதே வருடம் ஒக்டோபரில் வந்தது அவ்வளவு நல்லதல்ல. இரண்டு வருடத்துக்கு உட்பட்ட உறவாகவும் பிள்ளைகள் இல்லாமலும் இருந்தால், வந்து இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும், இல்லாவிட்டால் வதிவிடம் போகும். அடி உதைக்கு விதிவிலக்கு இருந்தது. இருந்து என்ன, பெண்ணுக்கு அது தெரியவேண்டுமே. "வாயைத் திறந்தால் பிளேனில ஏத்திவிடுவன்" என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் வாக்குமூலங்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை எடுத்தார்கள்.

கலியாணம் உண்மை, பொய் அதை மறைத்ததில் என்கிற கோப்புகளும் உண்டு. எனக்கு இவைதான் அதிகம் வலிக்கும். தாய் தகப்பனின் விண்ணப்பத்தில் கலியாணமாகாத மகன் என்று பெயர் இருக்கும். விண்ணப்பம் இழுபட, மகன் ஊரில் ஒரு பெண்ணை இரகசியமாகப் பதிவு செய்துகொள்வான். கலியாணம் கட்டினால் அவன் அந்த விண்ணப்பத்தில் இருக்கவே முடியாது. பியர்சன் விமானநிலையத்தில் இறங்கும்போது "விபரங்களில் மாற்றம் உண்டா" என்ற கேள்விக்கு இல்லை என்று கையெழுத்திடுவான். ஒரு வருடம் கழித்து மனைவியைக் கூப்பிட எங்களிடம் வருவான், முகமெல்லாம் சந்தோஷமாக. பதிவுத் திகதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிடும். சொல்லாமல் விட்ட மனைவியைக் குடும்ப வகுப்பில் அவன் எப்போதும் ஸ்பொன்சர் செய்யமுடியாது. அதற்குக் கால எல்லை கிடையாது. விண்ணப்பம் போட்டால் அவனுடைய பொய்யும் அவன் கையாலேயே வெளிவரும், 40ஆம் பிரிவு அவன்மேல் திரும்பும். 2019 செப்டெம்பரில் சொல்லாமல் விட்ட குடும்பத்தவர்களுக்காக ஒரு தளர்வு வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் தானே தகுதி இழந்திருப்பார் என்கிற ஆளுக்கு அது உதவாது. இவனுக்கு அதுதான் நிலை. உண்மையான மனைவி, உண்மையான பிள்ளை, எல்லாம் உண்மை; கூப்பிடத்தான் முடியாது.

"மறைக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும். அநேகமாக ஒரு கடைக்காரர், அல்லது வரி நிரப்பிக் கொடுப்பவர், படிவமும் நிரப்புவார். 2011 ஜூனிலிருந்து காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல சட்டத்தரணிகள், ஒன்ராறியோவில் பராலீகல்கள், கியூபெக்கில் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் தவிர வேறொருவருக்கும் இடமில்லை. இவருடைய பெயரோ எந்தப் படிவத்திலும் இராது. விண்ணப்பதாரி தானே நிரப்பியதாகத்தான் பெட்டியில் அடையாளம் இருக்கும். காசு கையில் கொடுத்தது, பற்றுச்சீட்டு இல்லை.

போன வருடம் ஒருவரிடம் சட்டத்தரணி நேராகவே கேட்டார். அந்த ஆளுக்கு எதிராக ஒரு வாக்குமூலம் தாருங்கள், உங்களுடைய வழக்குக்கும் அது உதவும் என்றார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சட்டத்தரணியைப் பார்த்தார். "வேண்டாம் சேர். வாற மாசம் அவற்ற மகளின்ர சாமத்தியவீடு. மண்டபத்துக்கு நாங்கள்தான் சாப்பாடு குடுக்கிறம்."